ஒரே சத்து, நாலு பேர்: கடலோரத்து மெடிக்கலில் இருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

முதலில் விவரம். பெண், 54 வயது, எடை 46 கிலோ. ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் இடையில் ஒரு கடலோரக் கிராமம். தொழில் கடல்பாசி எடுப்பது. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, இதற்கு முன் ஆஸ்பத்திரியில் படுத்ததும் இல்லை. பங்குனிக் கடைசியில் ஓயாத வாந்தியும் பிதற்றலுமாகச் சேர்க்கப்பட்டார். ரத்தத்தில் கால்சியம் 13.9 மி.கி. இருந்தது, 10.5-ஐத் தாண்டினாலே அதிகம் என்பார்கள். சிறுநீரகத்தின் நிலையைச் சொல்கிற கிரியாட்டினின் 2.3, அதுவும் அதிகம். காரணம் கண்டுபிடிக்க நாலு நாள் ஆனது. கண்டுபிடித்தது ஸ்கேன் இல்லை, ஒரு மஞ்சப்பை.

அக்காவைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது தம்பி, பேரு மட்டும் போட்டுறாத" என்றார். நான் அந்த ஊரில் சின்னதாக ஒரு மெடிக்கல் வைத்திருக்கிறேன். இந்தக் கதையில் என் பங்கும் இருக்கிறது, அதை நடுவில் சொல்கிறேன், தப்பித்துப் போகப் போவதில்லை.

தையில் ஆரம்பித்தது

முட்டி வலி, குதிகால் வலி, காலையில் எழுந்து நாலு எட்டு வைப்பதற்குள் உயிர் போகிறது என்று தை இரண்டாம் வாரம் ஒரு டாக்டரிடம் போயிருக்கிறார். அவர் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் வைட்டமின் டி 11 நானோகிராம். 20-க்குக் கீழே போனாலே குறைவு. உடனே எல்லாரும் கேட்கிற கேள்விதான்: நாள் முழுக்க வெயிலில் கிடக்கிற பொம்பளைக்கு வெயில் சத்து எப்படிக் குறையும்?

பாசி எடுக்கிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, முழுக்கை, கையில் துணி உறை, தலையிலும் கழுத்திலும் சுற்றிய துணி, கண்ணில் கண்ணாடி. பாறையும் பவளமும் கிழிக்கும், உப்புத்தண்ணியில் அந்தக் காயம் ஆறாது, அதனால் தோல் வெளியே தெரியாமல்தான் இறங்குவார்கள். மரிக்கொழுந்துப் பாசிக்கு முங்கும்போது உடம்பும் தண்ணிக்குள் இருக்கிறது. தோலில் டி உண்டாக்குகிற புறஊதாக் கதிர் உச்சிப் பொழுதை ஒட்டித்தான் வலுவாக விழும். நம் நிழல் நம்மை விடக் குட்டையாக இருக்கிற நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். கறுத்த தோலுக்கு அந்தக் கதிர் இன்னும் கூடுதல் நேரம் வேண்டும். ஆக வெயிலில் இருப்பது வேறு, தோலில் வெயில் படுவது வேறு.

டாக்டர் எழுதியது சரியான சீட்டுதான். 60,000 யூனிட் பொடி பாக்கெட், வாரத்துக்கு ஒன்று, எட்டு வாரம். கூட ராத்திரிக்கு ஒரு கால்சியம் மாத்திரை. நான்கு பாக்கெட் நான்தான் கொடுத்தேன். அக்கா அன்றைக்குக் கரையிலிருந்து நேரே வந்திருந்தார், சட்டை சொட்டச் சொட்ட. காகிதக் கவரில் "வாரம் 1" என்று எழுதிக் கொடுத்தேன். ஜெல் பேனா. அக்கா அதை ஈரச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அந்தக் கவரை மூன்று மாசம் கழித்து மறுபடியும் பார்த்தேன். "வாரம்" இருந்த இடத்தில் ஒரு நீலக் கறை. பக்கத்தில் "1" மட்டும் அச்சு மாதிரி தெளிவாக நின்றது.

நான்கு பாக்கெட்டும் நாலு நாளில் தீர்ந்துவிட்டன. பாலில் கலந்து குடித்திருக்கிறார், நன்றாக இருந்ததாம். வலி கொஞ்சம் தேவலை போலவும் பட்டிருக்கிறது. வாயில் வேறு சொல்லியிருக்கலாமே என்றால், சொன்னேன். ஆனால் அவர்கள் கணக்கில் வாரம் என்பது பெரிய சங்கதி இல்லை. அமாவாசையை ஒட்டிக் கொஞ்ச நாள், பௌர்ணமியை ஒட்டிக் கொஞ்ச நாள் என்று கடலுக்குப் போகிறவர்களிடம் "வாரம்" என்று சொன்னால் அது காற்றோடு போகும், அது எனக்கே அப்புறம்தான் உறைத்தது.

அதற்குப் பிறகு வந்த பேர்கள்

பொடி தீர்ந்ததும் மகன் காலிப் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு டவுனில் ஒரு கடையில் காட்டியிருக்கிறார். அங்கே பொடி இல்லை, கேப்சூல் இருந்தது, சீட்டு கேட்காமல் கொடுத்துவிட்டார்கள். பொடியின் பெயர் ஒன்று, கேப்சூலின் பெயர் வேறு, நிறமும் வேறு. அதனால் அக்கா மனசில் இது "வேற மாத்திரை". கடலுக்குப் போகாத நாளெல்லாம் ஒன்று. போகிற நாளில் வெறும் வயிற்றைப் புரட்டும் என்று விட்டுவிடுவார். அந்த பயம் அவரைக் கொஞ்சம் காப்பாற்றியது என்றே சொல்ல வேண்டும்.

மாசியில் முட்டிக்கு என்று இன்னொரு கிளினிக். அங்கே "எலும்புச் சத்து ஊசி" பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு. ஏற்கெனவே என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்களாம், இவர் "சத்து மாத்திரைதான்" என்றாராம். உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். அங்கேயே பழைய கால்சியம் மாத்திரையை நிறுத்திவிட்டு, மெத்தென்று ஒரு கால்சியம் கேப்சூல் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

அப்புறம் சிங்கப்பூர். மருமகனின் தம்பி ஊருக்கு வந்தபோது தைலம், பால்பவுடரோடு ஒரு டப்பாவும் கொடுத்திருக்கிறார், வயசானவர்களுக்கு நல்லது என்று. டப்பாவில் 125 என்று போட்டிருந்தது. பொடியில் 60,000 என்று பார்த்த கண்ணுக்கு 125 ஒரு சுண்டைக்காய். அதனால் தினம் இரண்டு.

மாசிக் கடைசியில் இரண்டு தடவை என் கடைக்கு வந்தார். முதல் தடவை தாகம், ராத்திரி அஞ்சாறு தடவை எழுந்து போக வேண்டியிருக்கிறது, சர்க்கரை வந்துவிட்டதோ என்று பயம். விரலைக் குத்திப் பார்த்தேன், 112. "ஒண்ணுமில்லக்கா, வெயில் ஆரம்பிச்சிருச்சு, அதான்" என்றேன். அடுத்த தடவை மலச்சிக்கல், பசியில்லை. ஒரு சிரப்பும் வாயு மாத்திரையும் கொடுத்து அனுப்பினேன். தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், பசியின்மை: நாலையும் ஒரே வரியில் எழுதியிருந்தால் எனக்கே பொறி தட்டியிருக்கும். இரண்டு நாளாகப் பிரிந்து வந்ததால் தட்டவில்லை. இது சமாதானம் இல்லை, நடந்தது.

பங்குனியில் பேரனைச் செத்துப்போன தன் தம்பி பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். ரசத்துக்கு இரண்டு தடவை உப்பு போட்டிருக்கிறார். வாந்தி நிற்கவில்லை. தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

மஞ்சப்பை

ஆஸ்பத்திரியில் கால்சியம் ஏறியிருப்பதைப் பார்த்ததும் அவர்கள் யோசித்தது முறையான வரிசையில்தான். பெரியவர்களுக்கு இப்படி ஏறினால் முதலில் சந்தேகிப்பது இரண்டு: தொண்டையில் தைராய்டுக்குப் பின்னால் இருக்கிற பாராதைராய்டு சுரப்பியின் கோளாறு, இல்லாவிட்டால் எங்கேயாவது ஒளிந்திருக்கிற புற்றுநோய். உடம்பு முழுக்க ஸ்கேன் எடுக்க மதுரைக்கு அனுப்பலாமா என்று பேச்சு. வீட்டில் ஒப்பாரி வைக்காத குறை. மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்று கேட்டதற்கு மகன் "சத்து மாத்திரை மட்டும்" என்றிருக்கிறார், மறுபடியும்.

நாலாம் நாள் மருமகள் என் கடைக்கு வந்தார், மலச்சிக்கல் சிரப் பேரை ஆஸ்பத்திரியில் கேட்கிறார்கள் என்று. "வீட்ல அத்தை சாப்பிட்ட எல்லாத்தையும் அள்ளிட்டு வாம்மா, காலி அட்டைகூட விடாத" என்றேன். மஞ்சப்பையோடு வந்தார். எல்லாவற்றையும் கண்ணாடி மேசையில் பரப்பினேன். பாசி எடுக்கிறவர் எதையும் தூக்கிப் போடமாட்டார் போல; எட்டு கேப்சூல் அட்டை ஐந்து, ஊசி வந்த சின்ன அட்டைப்பெட்டி இரண்டு (ஒன்றில் பேரன் பொன்வண்டு வளர்த்திருக்கிறான்), என் நீலக் கறைக் கவரும் பொடிப் பாக்கெட்டுகளும், சிங்கப்பூர் டப்பா, மெத்தென்ற கால்சியம் அட்டை.

பெரிய எழுத்தை விட்டுவிட்டுச் சின்ன எழுத்தைப் படிக்க ஆரம்பித்தேன். பொடி: கோலிகால்சிஃபெரால், அதாவது வைட்டமின் டி3-இன் வேதிப்பெயர். கேப்சூல்: அதே கோலிகால்சிஃபெரால், முன்னால் வேறு பெயர். ஊசி: வைட்டமின் டி3. சிங்கப்பூர் டப்பா: டி3, அதிலும் கோலிகால்சிஃபெரால் என்ற சொல் உலகப் பொதுப்பெயர் முறைப்படி ஆங்கிலத்தில் ஒரு எழுத்து குறைச்சலாக. கால்சியம் கேப்சூல்: கால்சிட்ரியால், அதே டி-யின் இன்னொரு உருவம்.

"இதுல எது அண்ணே வெசம்?" என்று கேட்டார் மருமகள். எதுவும் விஷமில்லை, எல்லாம் ஒன்றேதான் என்று சொன்னபோது அவர் என்னை நம்பவில்லை. கொஞ்ச நேரம் அட்டைகளைப் பார்த்துவிட்டு, "டி3னு போட்டிருக்கே, அப்ப டி1, டி2 எங்க?" என்றார். நல்ல கேள்வி. பார்மசி படித்த பலர் கேட்காத கேள்வி.

ஏ, பி, சி என்று வைட்டமின்களுக்கு எழுத்து வைத்துக்கொண்டிருந்த காலம். 1922 வாக்கில் அமெரிக்காவில் எல்மர் மெக்காலம் குழுவினர் காட் மீன் ஈரல் எண்ணெயைச் சூடாக்கிக் காற்றுவிட்டு அதிலிருந்த ஏ-யை அழித்தார்கள். அப்புறமும் அந்த எண்ணெய் எலிகளின் எலும்பு நோயைக் குணப்படுத்தியது. அப்படியானால் உள்ளே இன்னொன்று இருக்கிறது. வரிசையில் அடுத்த எழுத்து டி. பிறகு டி1 என்று ஒன்றைப் பிரித்தெடுத்துப் பெயரும் வைத்தார்கள், ஆனால் அது ஒரே பொருள் இல்லை, கலவை என்று தெரிந்தது. அந்தப் பெயர் அதோடு செத்தது. கலவையில் இருந்த அசல் சரக்குதான் டி2, எர்கோகால்சிஃபெரால். ஈஸ்ட், காளான் வகையறாவில் இருக்கிற எர்கோஸ்டெராலின் மேல் புறஊதாக் கதிர் பட்டு உண்டாவது. கூட இருந்தது லூமிஸ்டெரால் என்ற உதவாத துணை. டி3 நம் தோலில் உண்டாவது, சாளையிலும் சூடையிலும் இருப்பது. கடையில் வருகிற டி3 பெரும்பாலும் ஆட்டு ரோமத்துக் கொழுப்பிலிருந்து தொடங்குகிறது. இந்த ஸ்டெரால்கள் வேலைக்காக ஜெர்மனியின் அடால்ஃப் விண்டாஸுக்கு 1928-ல் வேதியியல் நோபல் கிடைத்தது.

அந்த லூமிஸ்டெராலை மறக்க வேண்டாம். தோலில் வெயில் அதிகம் பட்டால், டி3-ஆக மாற வேண்டிய முன்பொருள் அந்த லூமிஸ்டெரால் வகையறாவாக மாறி வீணாகிவிடும். அதனால்தான் வெயிலால் யாருக்கும் டி நஞ்சு ஏறுவதில்லை. வாய்வழியாகவும் ஊசிவழியாகவும் போனால் அந்த வடிகால் கிடையாது.

இன்னும் பெயர்கள் முடியவில்லை. உள்ளே போன டி3 ஈரலில் 25-ஹைட்ராக்ஸி ஆகிறது. அதற்குக் கால்சிடியால் என்றும் கால்சிஃபெடியால் என்றும் இரண்டு பெயர். ரத்தப் பரிசோதனையில் அளப்பது இதைத்தான், ரிப்போர்ட்டில் டி3 என்று தேடினால் கிடைக்காது. அது சிறுநீரகத்தில் இன்னொரு மாற்றம் அடைந்தால் கால்சிட்ரியால். வேலை செய்கிற உருவம் அதுதான், குடலிலிருந்து கால்சியத்தை இழுப்பது அதுதான். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அந்தக் கடைசி மாற்றம் சரியாக நடக்காது, அதனால்தான் கால்சிட்ரியாலையோ, ஈரல் வேலை மட்டும் பாக்கி இருக்கிற ஆல்ஃபாகால்சிடாலையோ நேரடியாகக் கொடுப்பார்கள். நல்ல சிறுநீரகம் உள்ள முட்டிவலிக்காரருக்கு அதை ஏன் கால்சியத்தோடு கட்டி விற்கிறார்கள் என்பது எனக்குப் பிடிபடாத சங்கதி. சிறுநீரகம் ஒரு காவல்காரன். கால்சியம் போதும் என்றால் மாற்றத்தைக் குறைத்துக்கொள்வான். கால்சிட்ரியால் அந்தக் காவலைத் தாண்டி உள்ளே வருகிறது. 25-ஹைட்ராக்ஸி பரிசோதனையில் அகப்படவும் படாது.

கணக்கு

பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் போட்டேன். டி3-க்கு 40 யூனிட் என்பது ஒரு மைக்ரோகிராம். அப்படிப் பார்த்தால் சிங்கப்பூர் டப்பாவின் 125 மைக்ரோகிராம் என்பது 5,000 யூனிட். சுண்டைக்காய் இல்லை.

பொடி நான்கு, 2,40,000. கேப்சூல் ஐந்து அட்டையில் மூன்று மிச்சம், ஆக 37, ஒவ்வொன்றும் 60,000, அது 22,20,000. ஊசி ஒவ்வொன்றும் 6 லட்சம், இரண்டு, 12,00,000. டப்பாவில் குறைந்தது 80 மாத்திரை, 4,00,000. மொத்தம் 40,60,000 யூனிட். ஏறக்குறைய 12 வாரத்தில். டாக்டர் எழுதியது எட்டு வாரத்துக்கு 4,80,000 மட்டும். ஒரு சாதாரண ஆளுக்கு நாளுக்கு 600 யூனிட் என்று வைத்தால் அந்த 12 வாரத்துக்கு 50,400 போதும். இவருக்குள் போனது அதில் எண்பது மடங்கு.

எடைக்கு மாற்றினால் எல்லாம் சேர்த்து 101.5 மில்லிகிராம். பாராசிட்டமால் 500 மாத்திரையில் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு பொம்பளையைப் பிதற்ற வைக்க அவ்வளவுதான் தேவைப்பட்டது. நாற்பது லட்சம் என்றால் மலைக்கிறோம், நூறு மில்லிகிராம் என்றால் அலட்சியமாகக் கொட்டாவி விடுகிறோம், 125 என்றால் இரண்டாகப் போட்டுக்கொள்கிறோம்.

கால்சிட்ரியாலை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. 0.25 மைக்ரோகிராம், 40-ஆல் பெருக்கினால் 10 யூனிட், போனால் போகிறது என்று விட்டுவிடத் தோன்றும். கடைக்காரர்களே செய்கிற தப்பு இது. அந்த 40 டி2-க்கும் டி3-க்கும் மட்டும்தான். வேலைக்குத் தயாராக இருக்கிற உருவத்துக்கு அந்தத் தராசு செல்லாது. கால்சிட்ரியால் தனியாக, கால்சியம் தனியாக, அதற்கு மேல் அக்கா தினம் முள்ளோடு மென்ற நெத்திலிக் கருவாடு தனியாக.

எல்லா அட்டையையும் பின்பக்கம் திருப்பிப் போட்டோ எடுத்து, கணக்குத் தாளையும் சேர்த்து, மகன் மூலமாக டாக்டருக்கு அனுப்பினேன். அன்று மாலையே 25-ஹைட்ராக்ஸிக்கும் பாராதைராய்டு ஹார்மோனுக்கும் ரத்தம் எடுத்தார்கள். முதலாவது 150-க்கு மேல் என்று வந்தது, அந்த மிஷின் அதற்கு மேல் எண் சொல்லாது. இரண்டாவது அடிமட்டத்தில். சுரப்பி கோளாறாக இருந்தால் அது ஏறியிருக்க வேண்டும். இறங்கிக் கிடந்ததால் சுரப்பி பேசாமல் இருக்கிறது, கால்சியம் வேறு வழியில் வருகிறது என்று ஆயிற்று. மதுரைப் பயணம் ரத்து.

வைத்தியம் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. எல்லா டி-யும் கால்சியமும் நிறுத்தம், நிறைய சலைன், குடல் கால்சியத்தை இழுப்பதைக் குறைக்க ஸ்டீராய்டு. ஐந்து நாளில் கால்சியம் 11.8-க்கு வந்தது. ஆறு வாரம் கழித்து 10.2, கிரியாட்டினின் 1.2. ஆனால் 25-ஹைட்ராக்ஸி மூன்று மாசம் கழித்தும் தொண்ணூறுகளில் நின்றது. இது தண்ணியில் கரைந்து போகிற பி வைட்டமின் இல்லை, கொழுப்பில் தங்கி, மெல்ல மெல்ல வெளியே வருவது. உடம்பில் தேங்கியது பாதி குறையவே ஏறக்குறைய இரண்டு மாசம் ஆகும். பால், கருவாடு கொஞ்ச நாளைக்கு வேண்டாம் என்றார்கள். அவ்வளவு நடந்தும் வராத கோபம் அக்காவுக்குக் கருவாடு என்றதும் வந்தது. "ஊசிய நிறுத்தச் சொல்லு, கருவாடு என்ன பண்ணுச்சு?"

யார் மேல் தப்பு என்று ஊரில் பேசினார்கள். முதல் சீட்டு சரி. டவுன் கடை சீட்டு கேட்டிருக்கலாம். ஊசி போட்ட இடத்தில் பழைய அட்டையைக் கொண்டுவரச் சொல்லியிருக்கலாம். நான் நாள் பேரை எழுதியிருக்கலாம், இரண்டு தடவை வந்தவரிடம் வேறென்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். நாலு கையும் தனித்தனியாக நல்லதுதான் செய்தன, நாலையும் சேர்த்துப் பார்த்த கண் ஒன்றுகூட இல்லை. அந்தக் கண் கடைக்காரனுடையதாக இருந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. அட்டைகள் கடைசியில் என் மேசைக்குத்தானே வந்தன?

இப்போது 60,000 பாக்கெட் கொடுத்தால் கவரில் "சனிக்கிழமை மட்டும்" என்று பால்பாயிண்ட் பேனாவில் எழுதி, மேலே செல்லோடேப் ஒட்டுகிறேன். நாலு பாக்கெட் சேர்த்துத் தருவதில்லை, இரண்டுதான். பழைய அட்டையைக் காட்டினால்தான் அடுத்தது. இதற்காக இரண்டு மூன்று வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டார்கள், போகட்டும்.

போன மாசம் அக்கா வந்தார். மறுபடியும் பாசிக்குப் போகிறார், இப்போது கரைக்கு வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு உச்சி வெயிலில் கொஞ்ச நேரம் கையைக் காட்டிக்கொண்டு உட்காருகிறாராம். மருமகளுக்குப் பிறந்த பேத்திக்கு எழுதிக் கொடுத்த சொட்டு மருந்து வேண்டும். எடுத்து வைத்தேன். பாட்டிலைக் கையில் வாங்கிக்கொள்ளவில்லை.

"சின்ன எழுத்த வாசி."

"கோலிகால்சிஃபெரால்க்கா. டி3."

"அதான் தெரியுமே. மில்லிக்கு எத்தன யூனிட்டு? நானூறுலயும் வருது, எண்ணூறுலயும் வருதுன்னு நர்சம்மா சொல்லுச்சு. சீட்டுல நானூறுன்னு இருக்கு."

பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். எண்ணூறு. உள்ளே போய் மாற்றி எடுத்து வந்தேன்.